ஈரம், புகை, 48 வோல்ட்: வீட்டில் ரெக்கார்டிங் தொடங்குபவர்களுக்குக் கண்டென்சர் மைக் வழிகாட்டி

பாட்டுப் பாடி யூடியூபில் போட, ஆடியோ புத்தகம் வாசிக்க, பாட்காஸ்ட் நடத்த, ஆன்லைன் வகுப்பு எடுக்க என்று ஏதோ ஒரு காரணத்துக்காக முதல் கண்டென்சர் மைக்கை வாங்கியிருக்கிறீர்கள், அல்லது வாங்கப் போகிறீர்கள். டப்பாவுக்குள் வரும் கையேட்டில் அதிர்வெண் வரைபடம் இருக்கும். ஐப்பசி மழையில் மைக்கை எங்கே வைப்பது, சாம்பிராணி போடும் அறையில் அது இருக்கலாமா, ஃபேனை என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்காது. இங்கே அதைத்தான் பார்க்கப் போகிறோம். சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பராமரிப்புப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது

மைக்கின் கம்பி வலைக்குப் பின்னால் வட்டமாக ஒரு சவ்வு இருக்கிறது. பாலியெஸ்டர் படலம், அதன்மேல் தங்கம் மிக மெல்லிசாகப் படியவைக்கப்பட்டிருக்கும். பல மைக்குகளில் இதன் தடிமன் 3 முதல் 6 மைக்ரான்தான், அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. சவ்வுக்குப் பின்னால், சில பத்து மைக்ரான் தள்ளி, ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவே மின்னூட்டம் நிற்கிறது. சவ்வு குரல் பட்டு அசையும்போது அந்த இடைவெளி கூடிக் குறைகிறது, மின்தேக்குத் திறன் மாறுகிறது. அந்த மாற்றம்தான் சிக்னல்.

இந்தச் சிக்னல் மிகவும் நலிவானது. அதைக் கேபிளில் அனுப்பும் அளவுக்குத் தயார் செய்ய மைக்கின் உடம்புக்குள்ளேயே ஒரு சின்ன மின்சுற்று வேலை செய்கிறது. அதில் இருக்கும் ரெசிஸ்டர்கள் கிலோ ஓமில் இல்லை, கிகா ஓமில். இவ்வளவு பெரிய மின்தடை வேலை செய்யும் இடத்தில் லேசான ஈரப் படலம்கூட மின்சாரத்துக்குக் குறுக்கு வழியாகிவிடும். ஈரம், மூச்சு, தூசி, புகை, எந்த வரிசையில் சுவிட்ச் போடுவது என்று பின்னால் வரும் எல்லாமே இந்த இடைவெளியையும் இந்த மின்சுற்றையும் சுற்றித்தான் வரும். காரணம் தெரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இந்த யோசனை பழையது. அமெரிக்காவில் பெல் நிறுவனத்தின் பொறியாளர் ஈ. சி. வென்டே 1916-இல் முதல் கண்டென்சர் மைக்கை உருவாக்கினார். நெடுங்காலம் இது வானொலி நிலையங்களும் பெரிய ஸ்டூடியோக்களும் மட்டுமே வாங்கக்கூடிய பொருளாக இருந்தது. 1962-இல் அதே பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் நிரந்தரமாக மின்னூட்டம் தங்கும் படலத்தைப் பயன்படுத்தி எலெக்ட்ரெட் மைக்கைச் செய்தார்கள். விலை மளமளவென்று இறங்கியதற்கு அது முக்கியமான காரணம். இன்று குறைந்த விலையில் கிடைக்கும் கண்டென்சர் மைக்குகளில் பலவும் எலெக்ட்ரெட் வகைதான். அதில் குறை ஒன்றும் இல்லை.

உங்களுக்குக் கண்டென்சர்தான் வேண்டுமா?

வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு பஸ் போகும் சாலையோரம், பக்கத்தில் கட்டட வேலை, ரெக்கார்டிங் செய்ய முடிவது பகலில் மட்டும் என்றால் ஷூர் எஸ்எம் 58 மாதிரியான, சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்குள் அசைந்து சிக்னல் தரும் டைனமிக் மைக் உங்களுக்கு உத்தமம். 1966-இல் வந்த அந்த மைக் இன்னும் மேடைக்கு மேடை நிற்கிறது. ஈரத்துக்கும் அடிக்கும் அது கண்டென்சர் அளவுக்குப் பயப்படாது.

இதோடு சேர்த்து ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். "கண்டென்சர் தூரத்துச் சத்தத்தை எல்லாம் இழுத்துவிடும், டைனமிக் இழுக்காது" என்பார்கள். இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து, ஒரே அளவுக்கு லெவலை ஏற்றிக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் சொல்லும் அளவுக்கு இருக்காது. டைனமிக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பேசுகிறோம், அதனால் சுற்றுச் சத்தம் பின்னுக்குப் போகிறது. கண்டென்சரைத் தள்ளி வைக்கிறோம், அதனால் அறையும் சேர்ந்து வருகிறது. கண்டென்சர் உயர்ந்த அதிர்வெண்களைத் துல்லியமாகப் பிடிப்பதால் பாத்திரம் உரசுவதும் காக்கை கரைவதும் இன்னும் பளிச்சென்று கேட்கும் என்பது மட்டும் உண்மை.

யூஎஸ்பி மைக்கா, எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று முள் கேபிளில் இணைக்கும் மைக்கா? ஒரே ஆள் பேசுவதற்கு மட்டும் என்றால் யூஎஸ்பி போதும். கணினியில் நேராகச் செருகி வேலையைத் தொடங்கலாம். பாட்டுக்கு, கூடவே மிருதங்கத்துக்கு என்று நாளை இரண்டாவது மைக் வர வாய்ப்பு இருந்தால், எக்ஸ்எல்ஆர் மைக்கும், மைக் சிக்னலைக் கணினிக்கு மாற்றித் தரும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் இரண்டு உள்ளீட்டோடு ஒன்றும்தான் சரி. ரோட் என்டி 1-இன் ஐந்தாம் தலைமுறை மாதிரி இரண்டு வழியும் உள்ள மைக்குகளும் உண்டு.

ஆன்லைனில் மைக், மடக்குக் கை, வாயின் மூச்சு வெடிப்பைத் தடுக்கும் பாப் ஃபில்டர் எல்லாம் சேர்த்து மிகக் குறைந்த விலைக்கு வரும் செட்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பலவற்றில் ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் ஹெட்போன் ஜாக் உள்ள கேபிள் இருக்கும். அதை லேப்டாப்பில் நேராகச் செருகச் சொல்வார்கள். லேப்டாப்பின் மைக் துளை தருவது இரண்டு மூன்று வோல்ட். 48 வோல்ட் கேட்கும் மைக்குக்கு அது எந்த மூலைக்கு? குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், கூடவே இரைச்சலும். மைக் மட்டம் என்று தூக்கிப் போடும் முன் ஓர் இன்டர்ஃபேஸில் இணைத்துப் பாருங்கள்.

விவரப் பட்டியலில் "செல்ஃப் நாய்ஸ்", அதாவது மைக் தானே உண்டாக்கும் இரைச்சல், என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆடியோ டெக்னிகா ஏடி 2020-க்கு அது 20 டெசிபல், ரோட் என்டி 1-ஏ மைக்குக்கு 5 டெசிபல். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் நகரத்து வீட்டில் ஊரடங்கிய இரவிலும் அறைக்குள் 30 டெசிபல் அளவுக்குச் சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்தில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மூழ்கிப் போகும். முதலில் அறையைக் கவனியுங்கள், அப்புறம் காசைச் செலவழியுங்கள்.

பிரித்ததும்

ஸ்டாண்டை முதலில் நிறுத்துங்கள், மைக்கை எடுப்பது அடுத்தது. முக்காலி ஸ்டாண்டில் நீட்டுக் கை இருந்தால், மூன்று கால்களில் ஒன்று அந்தக் கை நீளும் திசையிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் மைக்கின் கனத்துக்கு முழு ஸ்டாண்டும் சாய்ந்துவிடும். மொசைக் தரையில் தலைகுப்புற விழுந்த கண்டென்சரைக் காப்பாற்றுவது கஷ்டம். ஷாக் மவுண்ட் எனப்படும், ரப்பர் நூல்களால் மைக்கைத் தாங்கும் வளையத்தை அலங்காரம் என்று நினைத்துக் கழற்றி வைக்காதீர்கள். மேல் மாடியில் யாரோ நடப்பதும் மேசையில் கை தட்டுவதும் ஸ்டாண்ட் வழியே ஏறி மைக்குக்கு வராமல் தடுப்பது அதுதான். ரப்பர் நூல் நாளடைவில் தொய்ந்துபோகும். தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டாண்டின் திருகு மரை மைக் வளையத்துக்குப் பொருந்தவில்லை என்றால் பதற வேண்டாம். உலகத்தில் இதற்கு இரண்டு அளவுகள் உண்டு: 3/8 அங்குலம், 5/8 அங்குலம். நடுவில் போடும் பித்தளை வளையம் பெரும்பாலும் டப்பாவிலேயே கிடக்கும்.

அடுத்து, மைக்கின் முகம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய சவ்வு உள்ள மைக்குகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் கேட்பவை. உச்சந்தலையைப் பார்த்துப் பாடக் கூடாது. நிறுவனத்தின் முத்திரையோ, இதய வடிவக் குறியோ இருக்கும் பக்கம்தான் முகம். இதய வடிவம் என்றால் முன்னால் நன்றாகக் கேட்கும், நேர் பின்னால் மிகக் குறைவாகக் கேட்கும் என்று பொருள். பென்சில் மாதிரி ஒல்லியாக இருக்கும் சிறிய சவ்வு மைக்குகள் நுனியால் கேட்பவை. சந்தேகம் இருந்தால் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டே மைக்கைச் சுற்றி வாருங்கள். திரும்பக் கேட்டால் விடை தெரிந்துவிடும்.

48 வோல்ட்டைக் கையாளும் வரிசை

இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மைக்குக்குத் தேவையான மின்சாரத்தைத் தனி வயர் இல்லாமல் அதே கேபிளிலேயே அனுப்புவது அதன் வேலை. ஃபான்டம் பவர் என்பது இதைத்தான். ஏன் 48? 1966-இல் நியூமன் நிறுவனம் கேஎம் 84 மைக்கைச் செய்தபோது, நார்வே வானொலி கேபிள் வழியாகவே இயங்கும் மைக்கைக் கேட்டது. அவர்களுடைய ஸ்டூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த எண் அப்படியே நிலைத்துவிட்டது.

கெயினை, அதாவது மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகை, முழுவதும் குறையுங்கள். ஸ்பீக்கர், ஹெட்போன் ஒலியையும் இறக்குங்கள். பிறகு கேபிளை மைக்கிலும் இன்டர்ஃபேஸிலும் செருகுங்கள். 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் 48 வோல்ட் பொத்தான். அரை நிமிடம் பொறுத்து, கெயினை மெல்ல ஏற்றுங்கள். முடிக்கும்போது இதே வரிசை தலைகீழாக: கெயினைக் குறைத்து, 48 வோல்ட்டை அணைத்து, பத்து விநாடியாவது காத்திருந்து, அப்புறம் கேபிளைக் கழற்றுங்கள். மின்சுற்றில் தேங்கிய மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். 48 வோல்ட் ஓடும்போது கேபிளைப் பிடுங்கினால் 'டமார்' என்று ஒரு சத்தம் வரும். மைக் ஒரு வேளை தப்பித்துவிடும். அந்த நேரத்தில் ஹெட்போன் மாட்டியிருக்கும் காதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

சாதாரண டைனமிக் மைக்கில் தெரியாமல் 48 வோல்ட் போய்விட்டால், கேபிள் ஒழுங்காக இருக்கும்வரை ஆபத்து இல்லை. சவ்வுக்குப் பதில் மெல்லிய உலோக நாடா உள்ள பழைய ரிப்பன் மைக் இருந்தால் மட்டும் 48 வோல்ட் பக்கமே போகாதீர்கள். வால்வு மைக்குகளுக்குத் தனிப் பவர் பெட்டி உண்டு, இந்தப் பொத்தான் தேவையில்லை. சில சிறிய கண்டென்சர்கள் பென்சில் பேட்டரியிலும் ஓடும். அவற்றை எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி கசிந்து மைக் வீணாவது வெகு சாதாரணம்.

போனில் ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பல போன்களால் இன்டர்ஃபேஸுக்கும் 48 வோல்ட்டுக்கும் சேர்த்து மின்சாரம் தர முடியாது. தனி மின்சார இணைப்பு உள்ள யூஎஸ்பி ஹப்பை நடுவில் போட்டால் தீர்ந்தது.

லெவல் வைப்பது

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். வீடியோவோடு சேர்ப்பதென்றால் 48 கிலோஹெர்ட்ஸ், பாட்டு மட்டும் என்றால் 44.1 போதும். 24 பிட்டில் கீழே நிறைய இடம் இருக்கிறது, அதனால் லெவலை மேலே முட்ட வைக்க வேண்டிய அவசியமே இல்லை. உச்சச் சத்தம் மைனஸ் 12-இலிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் போதும்.

பலரும் "ஹலோ, ஹலோ" என்று பேசி லெவலை வைத்துவிட்டுப் பாடத் தொடங்குவார்கள். அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்துக்கு ஏறியதும் சிவப்பு விளக்கு எரியும். பாட்டில் எந்த இடம் உச்சமோ, அந்த வரியை முழுக் குரலில் பாடித்தான் லெவல் வைக்க வேண்டும். கதை வாசிப்பவர்கள் கோபமான உரையாடல் வரும் பத்தியை வாசித்து வைக்கலாம். சோதனைக்காக மைக்கில் 'ஃபூ' என்று ஊதுவதும், விரலால் தட்டுவதும் கல்யாண மண்டபத்தோடு போகட்டும். அந்த மெல்லிய சவ்வின்மேல் மூச்சுக் காற்றையும் எச்சிலையும் நேராக அடிப்பது அது.

மைக்கில் சாய்ந்த கோடு வரைந்த சுவிட்ச் இருந்தால் அது தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது. பேச்சுக்குப் போட்டுவையுங்கள், தூரத்து லாரியும் மோட்டாரும் அடங்கும். மிருதங்கத்துக்கு எடுத்துவிடுங்கள்.

ஒரு சாண்

வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்கட்டும். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை கையை விரித்தால் வரும் தூரம், சுமார் 20 சென்டிமீட்டர். இதைவிட நெருங்கினால் குரலின் அடிப்பகுதி ஊதிப் பெருக்கும். இதய வடிவ மைக்குகளின் இயல்பு அது. வானொலி அறிவிப்பாளர் குரல் வேண்டும் என்று வேண்டுமென்றே நெருங்குபவர்களும் உண்டு. ஆனால் பாட்டில் ஒரு வரி நெருங்கி, ஒரு வரி விலகி என்று ஆடினால் மிக்ஸிங்கில் சரிசெய்ய முடியாது. தரையில் ஒரு டேப் ஒட்டி, அங்கேயே நில்லுங்கள்.

பாப் ஃபில்டர் மைக்கிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இருக்கட்டும். தமிழ்ப் பகரத்தில் மூச்சு அதிகம் வெடிக்காது என்பது நமக்கு ஒரு சின்ன வசதி. இருந்தாலும் சொல்லின் முதலில் அழுத்தி வரும் பகரமும் 'அப்பா', 'தப்பு' என்று இரட்டித்து வருவதும் மைக்கில் 'டொப்' என்று விழும். தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளில் 'ப', 'த' மூச்சோடு வரும் இடங்களில் இன்னும் பலமாக விழும். ஃபில்டர் எச்சிலையும் தடுக்கிறது, அதனால் பேச்சே இல்லாத ஹம்மிங்குக்கும் அதைக் கழற்ற வேண்டாம். 'ஸ்' ஓசை சீறினால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், மூக்கு உயரத்தில் வைத்துக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பாருங்கள். பணம் கொடுத்து வாங்கும் எந்தச் செருகு மென்பொருளையும்விட இது சுத்தமாக வேலை செய்யும்.

அறை

நம் வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை: சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கம்பளம் கிடையாது. வாழ வசதி, ரெக்கார்டிங்குக்குச் சங்கடம். அறை நடுவில் நின்று பலமாக ஒரு முறை கை தட்டுங்கள். 'ட்ரிங்' என்று ஒரு வால் கேட்கிறதா? உங்கள் குரலுக்கும் அந்த வால் ஒட்டும்.

எங்கே துணியைத் தொங்கவிடுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் நுரைப் பலகையை ஒட்டுகிறார்கள். இதய வடிவ மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும், உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அதனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் முதலில் தொங்கவிடுங்கள்: கனமான போர்வை, ஜமுக்காளம், இரண்டாக மடித்த ரஜாய். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கினால் இன்னும் நல்லது. துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுவதும் நல்ல உத்திதான். பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தால் பெரும்பாலான அறைகள் அடங்கிவிடும். முட்டை அட்டை வேண்டாம். அது சத்தத்தை உறிஞ்சாது, கரப்பான் பூச்சிக்குத்தான் உதவும்.

ஃபேன். இதற்குச் சமாதானமே கிடையாது, நிறுத்தத்தான் வேண்டும். இரைச்சலை மென்பொருளால் ஓரளவு குறைக்கலாம், ஆனால் இறக்கை வெட்டும் காற்று சவ்வின்மேல் படும் அதிர்வை எடுக்க முடியாது. ஏசி இருந்தால் அறையை நன்றாகக் குளிரவைத்து, ஒரு டேக் முடியும்வரை அணைத்து, மறுபடி போடுங்கள். அடுத்த அறையில் இருக்கும் ஃபிரிட்ஜின் மோட்டார், வாசல் கேட், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் ஒரு முறை கண்ணை மூடிக் கேட்டுக் கணக்கெடுங்கள்.

ஹெட்போன் காதை முழுக்க மூடும் வகையாக இருக்கட்டும். பின்னணி இசையோ ஸ்ருதிப் பெட்டியோ ஹெட்போனுக்குள்ளேயே ஓட வேண்டும். அறையில் ஓடவிட்டால் குரல் டிராக்கில் ஏறிவிடும், பின்னால் பிரிக்க முடியாது.

வாத்தியங்களுக்கு, சுருக்கமாக

மிருதங்கத்துக்கு ஒரே மைக் என்றால் வாத்தியத்துக்கு முன்னால், நடுவில், இரண்டடி தள்ளி வைத்துத் தொடங்குங்கள். வலந்தலையும் தொப்பியும் சமமாக வரும்வரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்துங்கள். தொப்பியில் ரவை பூசியிருந்தால் மைக்கை அதற்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டாம், துகள் தெறிக்கும். வீணைக்குக் குடத்தை நோக்கி ஓர் அடி ஒன்றரை அடி. புல்லாங்குழலில் ஊதும் துளைக்கு நேர் எதிரே காற்று சீறும். மைக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி, விரல் துளைகளைப் பார்க்கும்படி வையுங்கள். நாதஸ்வரம் சின்ன அறையில் மைக்கைத் திணறடிக்கும். மைக்கில் மைனஸ் 10 என்று சுவிட்ச் இருந்தால் போடுங்கள், ஓர் ஆள் தூரமாவது தள்ளி வையுங்கள், முடிந்தால் பெரிய கூடத்துக்குப் போய்விடுங்கள்.

பராமரிப்பு

கடலோரத்தில் கண்டென்சர் மைக்கின் முதல் எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சொல்லவே வேண்டாம். சவ்வைச் சுற்றியும் கிகா ஓம் மின்சுற்றிலும் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசியும். அப்போது எண்ணெயில் கடுகு பொரிவது போல 'படபட' என்று சத்தம் வரும். சில நேரம் லெவல் இறங்கி இறங்கி ஏறும். மைக் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிட வேண்டாம், பெரும்பாலும் உலர்ந்ததும் சரியாகிவிடும். ஆனால் இதே நிலையில் மாதக்கணக்கில் விட்டால் ஈரத்தோடு தூசியும் சேர்ந்து படியும், அப்புறம் அது தானாகப் போகாது.

மைக்கை ஈரம் படாமல் வைக்கும் டிரை பாக்ஸுக்குப் பெரிய செலவு தேவையில்லை. ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, மைக் தாராளமாகப் படுக்கும் அளவில் ஒன்று. உள்ளே நூறு இருநூறு கிராம் சிலிக்கா ஜெல், துணிப் பையில் கட்டி. கூடவே ஒரு சின்ன ஈரப்பத மானி. அதில் 40 முதல் 50 சதவீதம் காட்டினால் நிம்மதி. கேமரா வைத்திருக்கும் வீடு என்றால் அந்த டிரை கேபினட்டிலேயே மைக்குக்கும் ஓர் ஓரம் ஒதுக்கலாம். சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலம் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு பச்சையாகும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நல்லதல்ல, ஆரஞ்சே மேல். ஈரம் குடித்த மணிகளைக் குறைந்த சூட்டில், 110 டிகிரி அளவில், ஓவனில் வைத்து எடுத்தால் மறுபடி வேலைக்கு வரும். எந்த நிறமாக இருந்தாலும் சமையலுக்குப் பயன்படும் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

நனைந்த போனை அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மைக்குக்கு அதைச் செய்யாதீர்கள். அரிசி மாவுத் தூள் வலை வழியாக உள்ளே போகும், ஈரமோ பெரிதாக இறங்காது. ஹேர் டிரையர், வெயில், அடுப்படி எதுவும் கூடாது. சூட்டில் சவ்வின் இழுவிசை மாறிப்போகும். டிரை பாக்ஸில் ஓரிரு நாள் வையுங்கள், அது போதும்.

ஏசி அறையிலிருந்து நேராக மழைக்காலப் புழுக்கத்துக்கு வந்தால் மூக்குக் கண்ணாடியில் பனி படிவதைப் பார்த்திருப்பீர்களே, மைக்கைக் கொண்டுவந்தால் அதேதான் சவ்விலும் நடக்கும். பெட்டிக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்து, பிறகு திறவுங்கள். ஈரம் படிந்த சவ்வோடு 48 வோல்ட்டைப் போடக் கூடாது.

மைக்கோடு வரும் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் நுரை மெத்தை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில வருடங்களில் பிசுபிசுத்து உதிரவும் தொடங்கும். விரலால் அழுத்தினால் ஒட்டுகிறது என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். மைக்கின்மேல் மாட்டும் நுரைத் தொப்பிக்கும் இதே கதிதான். தோல் பையில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது புகை. இதை எந்தக் கையேடும் நமக்காக எழுதவில்லை. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், சமையலறையிலிருந்து வரும் தாளிப்பு, சிகரெட் எல்லாமே பிசுக்கான நுண்துகள்களைக் காற்றில் விடுகின்றன. மின்னூட்டம் உள்ள சவ்வு அவற்றை இழுத்துக்கொள்ளும். உயர்ந்த அதிர்வெண்கள் மங்கி, மைக் நாளுக்கு நாள் மந்தமாவதை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். பூஜை அறையும் ரெக்கார்டிங் அறையும் ஒன்றாக இருந்தால், வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு முன்னால் மைக்கை டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு டேக்குகளுக்கு நடுவே சாப்பிடப் போகிறீர்கள் என்றால், 48 வோல்ட்டை அணைத்துவிட்டு, சுத்தமான பருத்திப் பையையோ பிளாஸ்டிக் பையையோ மைக்கின் தலையில் கவிழ்த்துவிட்டுப் போங்கள். பெரிய ஸ்டூடியோக்களிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

வெளிப்புறத்தை லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். வலையின்மேல் தண்ணீரோ ஸ்பிரேயோ அடிக்க வேண்டாம். அழுத்தக் காற்று டப்பாவை வலைக்குள் அடிப்பது எல்லாவற்றிலும் மோசம். அந்த வேகத்தில் சவ்வு பின்தகட்டோடு போய் ஒட்டிக்கொள்ளலாம், கிழியவும் கிழியலாம். டைனமிக் மைக்கின் வலையைத் திருகிக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுவதைப் பார்த்துவிட்டுக் கண்டென்சரில் முயல்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே வலையைத் திறந்தாலே அடுத்தது சவ்வுதான். பாப் ஃபில்டரைத் தாராளமாகக் கழுவுங்கள், துணி வகையாக இருந்தால் நிழலில் காயவையுங்கள்.

இதையெல்லாம் செய்தால் எவ்வளவு நாள் வரும் என்றால், 1949-இல் விற்பனைக்கு வந்த நியூமன் யு 47 மைக்குகள் இன்றும் ஸ்டூடியோக்களில் பாடகர்கள் முன் நிற்கின்றன.

சத்தம் வந்தால் யாரைச் சந்தேகிப்பது

'ம்ம்ம்' என்று விடாமல் ஒரு ஓசை வந்தால் மைக்கை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டினால் போய்விடுகிறதா? அப்படியானால் எர்த் விவகாரம். வேறு சுவரில் இருக்கும் மூன்று முள் சாக்கெட்டுக்கு மாறுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் முள்ளை உடைத்துவிட்டு ஓசையை நிறுத்தும் குறுக்கு வழியைச் சொல்பவர்கள் இருப்பார்கள். உயிர் விஷயம், செய்யாதீர்கள். கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் குற்றவாளி இன்வர்ட்டர். பக்கத்தில் போன் கிடந்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டுத் தள்ளி வையுங்கள்.

கேபிளை அசைத்தால் 'கரகர' என்று வந்தால் கேபிள் அல்லது முனை. எக்ஸ்எல்ஆரில் மூன்று முள்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 48 வோல்ட் சமமாகப் போக வேண்டும். ஒன்று அறுந்தால் மைக் நலிந்து இரையும். வேறு கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் வேகமான சோதனை. அதனால் வீட்டில் ஒரு கேபிள் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாகச் சுருட்டி வைத்தாலே பல வருடம் வரும்.

கேபிளை மாற்றியும் இன்டர்ஃபேஸின் வேறு துளைக்கு மாற்றியும் அதே படபடப்பு வந்தால், மைக்கை ஓரிரு நாள் டிரை பாக்ஸில் போட்டு எடுத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் ஈரம். அதற்குப் பிறகும் படபடத்தாலோ, கீழே விழுந்த நாளிலிருந்து குரல் அடைத்துக் கேட்டாலோ, வாரன்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒரு திருகைத் தொட்டாலே வாரன்டி போய்விடலாம். அது முடிந்திருந்தால் மைக் கேப்ஸ்யூல் (சவ்வும் பின்தகடும் சேர்ந்த பகுதி) வேலை தெரிந்த டெக்னீஷியனிடம்தான் கொடுக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் எல்லோருக்கும் இது வராது. கொடுக்கும் முன் அந்தச் சத்தத்தை ஒரு நிமிடம் ரெக்கார்டு செய்து கூடவே அனுப்புங்கள். கடையில் வைத்துப் பார்க்கும்போது மைக் சமர்த்தாக நடந்துகொள்வது அடிக்கடி நடக்கும்.